செய்தி அனுப்பியவருக்கும் பங்கு உண்டு!



சென்ற ஆண்டு ஒரு நாள் காலை மணி 7.10. பள்ளி நுழைவாயிலில் பொறுப்பாசிரியராக நின்றுகொண்டிருந்தேன். மகிழுந்து ஒன்றின் முன்சக்கரம் திடீரென நடைபாதையின் விளிம்பில் ஏறி நின்றது. இரண்டடி தள்ளி, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி குனிந்து காலணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நல்லவேளையாக எதுவும் நேரவில்லை. ஓட்டி வந்த தந்தையின் கையில் கைப்பேசி இருந்தது.

கடிந்துகொள்ளத்தான் போனேன். அவரோ கைப்பேசித் திரையை என்னிடமே காட்டினார். "மன்னிச்சிடுங்க டீச்சர். நீங்க அனுப்பின செய்திக்குத்தான் ஓகே போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

உண்மைதான். 7.05 மணிக்கு வகுப்பின் புலனக் குழுவில் நான்தான் எழுதியிருந்தேன்: 'மாணவர்கள் இன்று மணிலா அட்டை கொண்டு வரவும். பெற்றோர் உறுதிப்படுத்தவும்.' அந்த நேரத்தில் பெற்றோரில் பாதிப் பேர் சாலையில் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். இருந்தும் அனுப்பினேன்!

இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம், "சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்" என்று நாம் ஒரே குரலில் முழங்குகிறோம். சட்டம் இல்லாமலா இருக்கிறது? நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து விதிகளில் 17ஏ என்னும் விதி, வாகனமோட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. மீறினால் 300 ரிங்கிட் குற்றப்பதிவு. சிங்கப்பூரோ 2015 பிப்ரவரி 1 முதல், ஓடும் வாகனத்தில் ஓட்டுநர் கைப்பேசியோ பலகைக் கணினியோ கையில் ஏந்திப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது. முதன்முறை பிடிபட்டாலே 1,000 வெள்ளி வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் இயற்றுகிறது. வாகனமோட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவதை 2001இல் முதலில் தடைசெய்த மாநிலம் நியூயார்க். குறுஞ்செய்தி எழுதுவதற்கு 2007இல் முதலில் தடைச்சட்டம் கொண்டுவந்தது வாஷிங்டன் மாநிலம். இன்று ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் குறுஞ்செய்தித் தடை உண்டு. இருந்தும் 2023இல் அந்நாட்டில் ஓட்டுநரின் கவனச் சிதறல் தொடர்பான விபத்துகளில் 3,275 பேர் மாண்டனர். எல்லாமே கைப்பேசியால் நேர்ந்தவை அல்ல என்றாலும், தண்டத் தொகையை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்த எண்ணிக்கைக்கு என்ன விடை சொல்வார்கள்?

"நான் கையால் தொடுவதே இல்லை, காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டுதான் பேசுகிறேன்" என்று பெருமை கொள்வோரும் உளர். சட்டமும் அதைப் பொறுத்துக்கொள்கிறது. எல்லா ஓட்டுநர்க்கும் எல்லா வகைக் கைப்பேசிப் பயன்பாட்டையும் முற்றாகத் தடைசெய்த அமெரிக்க மாநிலம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மூளை பொறுத்துக்கொள்ளுமா? யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டும் பாவனைக் கருவியில் நடத்தப்பட்டது. கையில் பிடித்துப் பேசியவருக்கும் பிடிக்காமல் பேசியவருக்கும் தடுமாற்றத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இருவகையினரின் தடுமாற்றமும், சட்ட வரம்பளவு மது அருந்தியவர்களின் தடுமாற்றத்திற்கு ஒப்பாக இருந்தது. சட்டம் கையைத் தடுக்கிறது, அலைவதோ மனம்!

இனி, நம்மைச் சுடும் செய்திக்கு வருகிறேன்.

2009இல் நியூஜெர்சி மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் குறுஞ்செய்தியில் ஈடுபட்டபடி வாகனம் ஓட்டிச் சென்றார். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த கணவன் மனைவி மீது மோதினார். அவ்விருவரும் ஆளுக்கு ஒரு காலை இழந்தனர். அவர்கள் ஓட்டுநர்மீது மட்டுமல்லாமல், அவருக்குச் செய்தி அனுப்பிய 17 வயதுப் பெண்மீதும் வழக்குத் தொடுத்தனர். 2013இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பெண்மீது பொறுப்பு சுமத்தப் போதிய சான்று இல்லை என்று அவரை விடுவித்தது. ஆனால் கூடவே ஒரு நெறியையும் வகுத்தது: பெறுபவர் வாகனமோட்டிக்கொண்டிருக்கிறார், ஓட்டும்போதே அதைப் படிப்பார் என்று தெரிந்தும் செய்தி அனுப்புபவர், அதனால் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்புக்கு ஆளாகலாம்.

அது அந்த ஒரு மாநிலத்தின் தீர்ப்பு, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் மனச்சான்றை? காலை 7.05 மணிக்கு 'உறுதிப்படுத்தவும்' என்று நான் எழுதியபோது, ஓட்டிக்கொண்டே படிப்பார்கள் என்று தெரிந்துதானே எழுதினேன்? பள்ளி முடியும் வேளையில், "எங்கே இருக்கீங்க? பிள்ளையை ஏத்திட்டீங்களா?" என்று கணவரை மூன்று முறை அழைக்கும் தாயாருக்கும் தெரியாதா? சக்கரத்தின் பின்னால் இருப்பவர் மட்டுமே குற்றவாளி என்று இனியும் சொல்லிக்கொண்டிருப்பது ஏமாற்று.

"அவசரச் செய்தி என்றால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். மணிலா அட்டை அவசரமா? சீருடை நிறம் அவசரமா? மெய்யான அவசரமே ஆனாலும், ஓட்டுநர் வாகனத்தை நிறுத்தாமல் எதையும் செய்ய இயலாது. "ஒரு நொடிதான் பார்த்தேன்" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. ஐந்து நொடியில் 70 மீட்டர். நம் பள்ளிகள் பலவற்றின் முன்புற வேலியின் நீளம் அவ்வளவுதான் இருக்கும். அவ்வளவு தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கடக்க யாராவது துணிவோமா?

அந்நிகழ்வுக்குப் பிறகு என் வகுப்பில் மூன்று கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டேன். மறுநாளைக்கு வேண்டிய பொருள்களை முந்திய நாள் இரவு 8 மணிக்குள் அறிவித்துவிடுவேன். மறந்தால் அது என் தவறு, மாணவர் கொண்டு வரத் தேவையில்லை. காலை 6.30 முதல் 7.45 வரையிலும், பள்ளி முடியும் ஒரு மணி நேரத்திலும் குழுவில் எதுவும் எழுத மாட்டேன். உடனடி மறுமொழியை எவரிடமும் எதிர்பார்க்க மாட்டேன். தொடக்கத்தில் சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே புதியவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள்.

பெற்றோரிடம் நான் வேண்டுவது ஒன்றே. எவரையாவது அழைத்தால் முதற்கேள்வி, "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா?" என்பதாக இருக்கட்டும். 'ஆம்' என்றால் அக்கணமே துண்டித்துவிடுங்கள். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் உங்கள் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். பத்து ஆண்டுகள் கழித்து அவன் சக்கரத்தைப் பிடிக்கும்போது, நாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைவிட வண்டியில் கண்டதுதான் அவன் நினைவில் நிற்கும்.

சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். அனுப்பும் பொத்தான் நம் விரலில் இருக்கிறது. அதை அழுத்துமுன் ஒரு கணம் சிந்திப்போம்!