குண்டுப் பையனுக்கு எந்த சைக்கிள்?



என் எடை 96 கிலோ. நான் சொல்லாவிட்டாலும் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். "ஏலே, சைக்கிள் பாவம்லே!" என்று ஸ்டாண்டில் கேலி பேசாத நாளே இல்லை. அந்தக் கேலிக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலாம் ஆண்டு சேர்ந்ததும் ஒல்லி டயர், கியர் வைத்த 'ரேஸ்' சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கினேன். அப்பா உப்பளத்தில் உழைத்துச் சேர்த்த காசு. மூன்றே மாதத்தில் பின் சக்கரத்தில் நாலு தடவை கம்பி அறுந்தது. வெட்கப்பட்டு அதை வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் தொங்கினேன். என் உடம்புதான் குற்றவாளி என்று நினைத்தேன்.

உண்மையில் குற்றவாளி யார்? சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் கீழே வருகையில் கொஞ்சம் தளர்கிறது. மேலே போனதும் இறுகுகிறது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நானூறு தடவைக்கு மேல்! இப்படிக் களைத்துத்தான் ஹப் பக்கத்து வளைவில் கம்பி அறுகிறது. 'ஃபெட்டீக்' என்று பாடத்தில் படிக்கிறோமே, அதேதான். ஆள் எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில் இறங்குகிறது. கம்பி குறைவாக இருந்தாலோ, ஒரே சீராக இறுக்காமல் விட்டாலோ எப்படித் தாங்கும்?

மீன்பெட்டி கட்டிய பழைய டபுள் பார் சைக்கிளைப் பாருங்கள். 28 இஞ்ச் சக்கரம், ஒன்றரை இஞ்ச் டயர், முன்னால் 32 கம்பி, பின்னால் 40. சுமை பின்னால்தான் என்று தெரிந்து எட்டுக் கம்பியைக் கூட வைத்தானே, அவனல்லவா இஞ்சினியர்!

குறையும் உண்டு. வண்டியே 20 கிலோ வரும். சாயங்காலக் கடல் காற்றை எதிர்த்து மிதித்தால் நாக்கு தள்ளும். மழையில் ராடு பிரேக் சரியாகப் பிடிக்காது. கனத்த ஆள் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். "எனக்கு ரோடு பைக்தான் வேண்டும்" என்பவர்கள் பின்னால் 36 கம்பியாவது இருக்கிறதா, 32 மில்லிமீட்டர் டயர் போட ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பிகளை விரலால் தட்டுங்கள். பின் சக்கரத்தில் ஒரே பக்கத்துக் கம்பிகள் ஆளுக்கொரு சத்தம் கொடுத்தால் கோட்டம் எடுக்காமல் ஏறாதீர்கள். நம் ஊர் உப்புக் காற்றுக்கு, பழைய வண்டி என்றால் பெடலுக்கு மேலே பார்கள் சேரும் மூட்டில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

1951இல் தொடங்கிய அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்றே நின்றுபோனது. கெட்டியான வண்டியை "கிழவன் சைக்கிள்" என்று நாம் ஒதுக்கினால், நாளை கடையில் கேட்டாலும் கிடைக்காது.

"முதல்ல உடம்பைக் குறைலே" என்கிறார்கள். குறைக்கவும் சைக்கிள்தானே மிதிக்கணும்? ஒடியாத வண்டி இருந்தால்தானே தினமும் மிதிக்க முடியும்?

ரேஸ் சைக்கிளை விற்று டபுள் பார் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. ஒரு கம்பிகூட அறவில்லை. நம்பாதவர்கள் ஸ்டாண்டுக்கு வந்து எண்ணிப் பாருங்கள்: மொத்தம் 72!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை