மிஸ்ஸிங் எந்த சிலிண்டரில்?

"வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்று போனால், புதுவையில் பல ஒர்க் ஷாப்புகளில் உடனே கிடைக்கும் பதில், "கார்புரேட்டர் போச்சு சார், மாத்திடலாம்!" பரிசோதனை இல்லாமலே தீர்ப்பு! இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்கேனர் மாட்ட முடியாத பழைய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்த ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டுக்கும் நான்கு சிலிண்டர்.

ஐடிலிங்கில் ஓடவிட்டு, இன்சுலேஷன் போட்ட பிளையரால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் இன்னும் தடுமாறும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் நோயாளி! அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் காரணம். போகலையா? ஒயரைப் பாருங்கள், பிறகு கம்ப்ரஷன். அது குறைவென்றால் உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். நான்கு சிலிண்டருமே சரியில்லை என்றால் பாயிண்ட், டைமிங், காற்றுக் கசிவு... அப்புறம்தான் கார்புரேட்டர். (ஹெரால்டுக்குப் புது கார்புரேட்டர் தேடுவது தனிக்கதை!)

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா முத்தியால்பேட்டையில் டெம்போ ஓட்டுகிறார். தேவையில்லாமல் மாற்றும் ஒரு பார்ட்ஸ், எங்க வீட்டுல ஒரு மாச அரிசி. அதனால் கேட்கிறேன், பிராக்டிகல் தேர்வில் பாகங்களின் பெயரைக் கேட்டது போதும். கெட்டுப்போன பிளக் ஒன்றை மாட்டி வைத்து, "கண்டுபிடி" என்று சொல்லட்டுமே!