சொத்து மதிப்பீடு: தாமதம் எங்கே பிறக்கிறது?

புது தில்லி: வீட்டுக் கடன் கோருபவரின் வருமானத்தையும் பழைய கடன்களையும் வங்கிகள் இப்போது ஓரிரு நாளில் அலசி முடித்துவிடுகின்றன. அடமானமாக வைக்கப்படும் சொத்தின் மதிப்பீடுதான் இழுத்துக்கொண்டே போகிறது. குறித்த தேதிக்குள் மீதித் தொகையைத் தராவிட்டால் முன்பணத்தை இழக்க நேரிடும் என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டவருக்கு இந்தத் தாமதம் சில லட்சம் ரூபாய் பெறும்.

பழி வழக்கமாக மதிப்பீட்டாளர் மீதே விழுகிறது. ஆனால் ஒரு குடியிருப்பை அளக்கவும் படம் எடுக்கவும் அக்கம்பக்கத்து விலையை விசாரிக்கவும் அவருக்கு அதிக நேரம் ஆவதில்லை. பத்திரத்தில் உள்ள பரப்பளவு, மாநகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடம், கண்ணெதிரே நிற்கும் கட்டடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில்தான் வாரங்கள் கரைகின்றன. தலைநகரில் அவை பொருந்தாத இடங்களே ஏராளம்.

தில்லியில் 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகள் அடையாளம் காணப்பட்டன. அங்கே மனைகள் பல ஆண்டுகளாகப் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரிலேயே கைமாறி வந்தன. அத்தகைய பத்திரம் உரிமை மாற்றம் ஆகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. பின்னர், குடியிருப்போருக்குச் சொத்துரிமை வழங்க 2019-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. சைனிக் ஃபார்ம்ஸ் போன்ற வசதி படைத்தோர் பகுதிகள் அதில் சேர்க்கப்படவில்லை. விண்ணப்பிப்பவரின் மனையை அளந்து, அவர் கையில் உள்ள பத்திரங்களின் தொடர்ச்சியைச் சரிபார்த்த பிறகே தில்லி வளர்ச்சி ஆணையம் உரிமை ஆவணம் தருகிறது. அந்த ஆவணம் வரும்வரை மதிப்பீட்டாளர் எவ்வளவு விரைந்தாலும் வங்கிக்கு அவரது அறிக்கையால் பயனில்லை.

அங்கீகாரம் பெற்ற பகுதிகளிலும் சிக்கல் உண்டு. அனுமதியின்றி எழுப்பிய கூடுதல் தளம், அறையாக மாற்றிய மொட்டை மாடி, வாகன நிறுத்துமிடத்தை விழுங்கிய கடை ஆகியவை மதிப்பீட்டில் சேராது. கட்டடத்தை அடமானமாகப் பெற்றுக் கடன் தருமுன் பணிமுடிப்புச் சான்றை வங்கிகள் சரிபார்க்க வேண்டும் என்று மீரட் வழக்கு ஒன்றில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு இந்தப் பிடி மேலும் இறுகியுள்ளது.

மதிப்பு குறைந்தால் அடி முழுவதும் வாங்குபவருக்கே. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் ரூபாய் வரையிலான கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 80 லட்சத்துக்குப் பேசிய வீட்டை வங்கி 70 லட்சம் என்று மதிப்பிட்டால் கடன் 64 லட்சத்திலிருந்து 56 லட்சமாகச் சுருங்கும். எஞ்சிய 8 லட்சத்துக்கு அவர் வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

இதற்குள் கருப்புப் பணத்தின் கதையும் இருக்கிறது. தமிழகத்தின் வழிகாட்டி மதிப்பைப் போன்றது தில்லியின் ‘சர்க்கிள் ரேட்’. 2014-இல் நிர்ணயித்த அந்த மதிப்புகள் பத்தாண்டு கடந்தும் முழுமையாகத் திருத்தப்படாமல் நீடித்தன. சந்தை விலை அதற்கு மேலே போன இடங்களில் பத்திரத்தில் குறைத்துக் காட்டி, மீதியை ரொக்கமாகக் கைமாற்றுவது ஊரறிந்த ரகசியம். இன்று ஒப்பீட்டுக்காகப் பதிவு அலுவலக விவரங்களைப் புரட்டும் மதிப்பீட்டாளருக்கு அந்தப் பொய் விலைதான் கிடைக்கிறது. நேர்மையாக முழு விலையும் எழுதி வாங்க முன்வருபவர், முன்பு வாங்கியவர்கள் ஏய்த்த வரிக்குச் சேர்த்து விலை கொடுக்கிறார்.

கிராமங்களில் நிலைமை வேறு. நம் ஊர் நத்தத்தைப் போன்ற வடமாநிலக் குடியிருப்பு நிலங்களுக்கு நீண்ட காலமாகத் தனி உரிமை ஆவணமே இல்லை. ஆவணமில்லாத வீட்டுக்கு ஏது மதிப்பீடு? 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வாமித்வா’ திட்டம் ட்ரோன் மூலம் இந்த நிலங்களை அளந்து சொத்து அட்டை வழங்குகிறது. 2025 ஜனவரி 18-இல் ஒரே நாளில் 65 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள் வழங்கப்பட்டன. அதற்குள் 3.17 லட்சம் கிராமங்களில் ட்ரோன் அளவை முடிந்திருந்தது. சிக்கிம், தெலங்கானாவைப் போலத் தமிழகமும் முன்னோட்டக் கட்டத்தில் மட்டுமே பங்கேற்றது. எனினும் அட்டை எல்லையைத்தான் காட்டும், விலையைச் சொல்லாது. விற்பனையே அரிதாக நடக்கும் கிராமத்தில் எதை வைத்து ஒப்பிடுவது என்ற கேள்வி வங்கிக் கிளைகளின் முன் அப்படியே நிற்கிறது.

சொத்து வைத்திருப்பவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. மூலப்பத்திரம் முதல் நடப்புப் பத்திரம் வரையிலான தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, ஒப்புதல் வரைபடம், வரி ரசீது ஆகியவற்றை மதிப்பீட்டாளர் வருமுன்பே தொகுத்து வைத்தால் திரும்பத் திரும்ப அலைவது மிச்சம். அனுமதியற்ற பகுதியை மறைப்பதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அளக்கும்போது எப்படியும் வெளிப்பட்டுவிடும். பழைய கடனை அடைத்த பின்பும் அசல் பத்திரம் வங்கியிலேயே முடங்கிக் கிடந்தது முன்பு பெரும் தொல்லை. 2023 டிசம்பர் முதல், 30 நாளுக்குள் திருப்பித் தராத வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்துள்ளது.

விரைவு என்ற பெயரில் கேட்ட தொகைக்கு முத்திரை குத்துவதும் நடக்கக் கூடியதே. அதனால்தான் மதிப்பீட்டாளர் வங்கியின் கடன் முடிவில் தொடர்பற்றவராக இருக்க வேண்டும் என்பதோடு, 50 கோடி ரூபாய்க்குக் குறையாத சொத்துகளுக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி அறிக்கைகள் வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி வலியுறுத்துகிறது. நிறுவனச் சட்டத்தின் கீழ் மதிப்பிடுவோருக்குப் பதிவு கட்டாயமாகிவிட்டது. அந்தத் தொழில் முழுவதையும் ஒரே ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர 2020-இல் நிபுணர் குழு அளித்த மசோதாவோ வரைவாகவே நின்றுவிட்டது.