முத்துக்கு விலை எங்கிருந்து வந்தது?

“கஷ்டப்பட்டு எடுத்தது, அதுதான் இந்த விலை.” மன்னார் மீன் சந்தையில் இதைக் கேட்காத ஆள் இல்லை. இந்தக் கதை பிழை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடியவர் ரிச்சர்ட் வேட்லி (1787–1863). 1826இல் தர்க்கவியலுக்குப் பாடநூல் எழுதினார், பிறகு ஒக்ஸ்போர்டில் பொருளியல் பேராசிரியர், 1831இல் டப்ளின் பேராயர். (ஒரே ஆளுக்கு எத்தனை வேலை!) அவர் காட்டிய உதாரணம் முத்து. குளிப்பு முத்துக்கு விலையைக் கொடுப்பதில்லை. விலை இருப்பதால்தான் ஆட்கள் குளிக்க இறங்குகிறார்கள் என்பது அவர் கட்சி.

எங்கட கரையில் வைத்துப் பார்த்தால் மனுசன் சொன்னது சரிதான். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். ஒரே ஆழம், ஒரே மூச்சு. ஒருவர் எடுத்த சிப்பியில் முத்து இருக்கும், பக்கத்து ஆள் எடுத்ததில் வெறும் சதை. உழைப்புத்தான் விலை என்றால் இரண்டும் ஒரே பெறுமதி ஆகியிருக்க வேணும். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது, இயற்கை முத்தின் விலை விழுந்தது. கடலின் ஆழம் ஒரு பாகமும் குறையவில்லை.

ஆனால் வேட்லி அதோட நிண்டுட்டார். பொருளியலைப் பரிமாற்றத்தின் அறிவியல் என்று அழைக்கலாம் என்றவர் அவர். சரி, அந்தப் பரிமாற்றத்தில் குளித்தவனுக்கு என்ன கிடைத்தது? 1905இல் கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்தது. மூச்சடக்கியவர் பக்கம் வந்தது மிச்ச ஒரு பங்குதான். விலை எவ்வளவு ஏறினாலும் முதலில் பெருப்பது அந்த இரண்டு பங்கு.

இப்ப முத்து இல்லை, கடலட்டை இருக்கு. எங்கட வீடுகளில் அதை ஒருத்தரும் சமைக்கிறதில்லை. விலை ஹொங்கொங்கிலும் சீனாவிலும் இருக்கு. அந்த விலைக்காக எங்கட பெடியள் சிலிண்டரோட இறங்குறாங்கள். அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழாகிக் கைகால் விழுந்துபோகலாம்.

இவர்களுக்காகப் பேசும்போது நாங்கள் எப்பவும் கஷ்டத்தையே சொல்லுறம். பாவம், எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று. ஹொங்கொங் வியாபாரிக்கு அது ஒரு சதத்துக்கும் பெறாது. நாங்கள் கேட்க வேண்டியது பங்குக் கணக்கு: அங்கே ஒரு கிலோ என்ன விலை, அதில் கரைக்கு எவ்வளவு வருது, முற்பணம் தந்த முதலாளிக்குத்தான் விற்க வேணும் என்று குளிப்பவரைக் கட்டிப்போடுவது ஏன்?