மருமகளுக்கு ஒரு நீதி, மருமகனுக்கு ஒரு நீதியா?



மேருவில் பிறந்த நம் பையன் தமிழ்நாட்டுப் பெண்ணை மணந்தால், அவள் அரசமைப்பின் 15ஆம் பிரிவின்கீழ்க் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். ஈராண்டு வசிப்பும் நன்னடத்தையும் நிபந்தனைகளுள் அடங்கும். (கைக்குக் கிடைக்க எத்தனை ஆண்டாகும் என்பது வேறு கதை!) அதே தெருப் பெண் தமிழ்நாட்டு மாப்பிள்ளையை மணந்தால்? அப்பிரிவில் 'மனைவி' உண்டு, 'கணவன்' இல்லை. அவருக்கு 19ஆம் பிரிவுதான்: பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு வசிப்பு. அதுவரை நீண்டகாலச் சமூக வருகை அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை செய்யவும் குடிநுழைவுத் துறையின் தனி ஒப்புதல் தேவை.

பாலினப் பாகுபாடு கூடாதென்று 2001இல் 8ஆம் பிரிவில் சேர்த்தோமே என்பீர்கள். அரசமைப்பே வெளிப்படையாக அனுமதித்தாலன்றி என்றொரு விலக்கு அங்கே முன்நிற்கிறது. அந்த இடுக்கில்தான் இவ்வநீதி பதுங்கியிருக்கிறது.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்வழியிலும் குடியுரிமை அளிக்கும் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபர் 17இல் நிறைவேற்றியது. மகிழ்ந்தோம். ஆனால் அவள் கைப்பிடித்தவனை அத்திருத்தம் கண்டுகொள்ளவில்லை.

போலித் திருமணம் பெருகுமாம்! போலி மனைவி வரமாட்டாளா? விசாரிக்கத்தானே அதிகாரிகள் இருக்கிறார்கள்? பெண் கணவனூருக்குப் போய்விடுவாள் என்ற பழங்கணக்கன்றி இதில் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலாம் ஆண்டுப் பதிவுக்குப் பிள்ளையின் கைபிடித்து வரும் தந்தையருள் இத்தகையோரும் உளர். அடுத்து வாக்குக் கேட்டு வருபவரிடம் 15ஆம் பிரிவைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.