உழவர் அறிவும் விரிவாக்கப் பணியும்

இந்திய விவசாயத்தைச் சீர்திருத்தும் வழிகளை ஆராய 1889-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் ரசாயன நிபுணர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். 1893-இல் வெளிவந்த அவரது அறிக்கை, அந்நாளைய எண்ணத்துக்கு மாறான ஒரு முடிவைக் கூறிற்று. இந்தியக் குடியானவர் சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குத் தாழ்ந்தவரல்லர். சில துறைகளில் மேம்பட்டவர் என்பதே அம்முடிவு. அவருக்குக் குறைவாயிருந்தவை நீரும் எருவும் போன்ற வசதிகளே.

1953 அக்டோபர் 2-ஆம் நாள் தேசீய விரிவாக்கச் சேவை தொடங்கியபோது, கிராம சேவகர் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயலுக்கும் பாலமாக விளங்குவார் என எதிர்பார்க்கப்பட்டது. பாலத்தின் மீது போக்குவரத்து இரு திசையிலும் நிகழ வேண்டும். ஆனால் விதையையும் உரத்தையும் மருந்தையும் பற்றிய செய்திகள் வயலை நோக்கிச் சென்ற அளவுக்கு, வயலின் செய்திகள் நிலையத்துக்குத் திரும்பவில்லை.

திரும்பினால் விளையும் பயனுக்குக் கேரளக் கடலோரத்துப் பொக்காளிச் சாகுபடியே சான்று. அங்குள்ள உழவர்கள் உவர் நிலத்தில் மண்மேடுகள் அமைப்பர். பருவமழை மேடுகளின் உப்பைக் கரைத்துச் சென்றபின் அவற்றின்மேல் நெல்லை விதைத்து, நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டி வயலெங்கும் பரப்புவர். அறுவடைக்குப் பின் அதே வயலில் இறால் வளரும். நெற்றாளின் மட்கு இறாலுக்கு இரைதரும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகும். ரசாயன உரமோ பூச்சிமருந்தோ இதற்குத் தேவையில்லை. இந்நெல்லின் உப்பைத் தாங்கும் பண்பைப் பிற்காலத்தில் விஞ்ஞானிகள் ‘சால்டால்’ என்னும் மரபணுப் பகுதியில் கண்டறிந்து, புதிய ரகங்களுக்குப் பயன்படுத்தினர்.

இதனால் உழவர் கூறுவதெல்லாம் சரியென்று கொள்ளலாகாது. தராய்ப் பகுதியில் நெற்பயிரை வாட்டிய ‘கைரா’ நோய்க்குக் காரணம் கிருமியன்று, துத்தநாகக் குறைவே என்பதை 1966-இல் பந்த்நகரின் விஞ்ஞானி ஒய். எல். நேனே நிறுவினார். கண்ணுக்குப் புலனாகாத அக்குறையைக் கண்டறிய ஆய்வுக்கூடம் இன்றியமையாததாயிற்று. ஆகவே இருவர் அறிவும் ஒன்றையொன்று சோதித்துத் திருத்த வேண்டும்.

முதலாவது விவசாய விஞ்ஞான நிலையம் 1974-இல் புதுச்சேரியில் நிறுவப்பட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் 700-க்கு மேல் உள்ளன. விரிவாக்க ஊழியரின் பணியை, வழங்கிய விதைப் பைகளையும் நடத்திய கூட்டங்களையும் எண்ணி மட்டுமே மதிப்பிடுவது போதாது. உழவரிடமிருந்து அவர் கொணர்ந்த ஐயங்கள் எத்தனை, அவற்றுள் வயலிலேயே உழவருடன் சோதிக்கப்பட்டவை எத்தனை என்பதும் கணக்கில் வரவேண்டும். ஒரு வட்டாரத்தின் மண்ணையும் மக்களையும் அறியுமளவுக்கு அவரை அங்கே நிலைத்திருக்கச் செய்வதும் அவசியம்.

இப்பணியைத் தள்ளிப்போடுதல் தகாது. பொக்காளி பயிராகும் பரப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. விதையைக் குளிர்பதன அறையில் காக்கலாம். எந்த மழைக்குப் பின் மேட்டை வெட்டுவது என்னும் அறிவை அங்கே சேமித்துவைக்க இயலாது. அதை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டறிந்து, சோதித்து, அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது விரிவாக்கப் பணியின் கடமையாகும்.