வீசத்தின் மூன்று வேஷங்கள்

பதினாறில் ஒரு பங்கை நம் முன்னோர் வீசம் என்றும் மாகாணி என்றும் வழங்கினார்கள். பதினாறு அணா கொண்ட பழைய ரூபாயில் அது ஓர் அணா. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டபோது, அந்த அணாவே ஆறேகால் பைசாவாயிற்று. ஒன்றைப் பதினாறால் வகுத்தால் தசாம்சம் 0.0625, அதை நூறால் பெருக்கினால் 6.25 சதவிகிதம். வேஷம் மூன்று, ஆள் ஒருவனே!

ஆளை அறியாவிடில் நஷ்டம் நமக்குத்தான். "ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி" என்பது காதுக்கு அற்பமாகத் தோன்றும். வருஷத்திற்கோ நூற்றுக்கு 75 ரூபாய்!

அணா மறைந்தது, தந்திரம் மறையவில்லை. இன்றும் "மூன்று வட்டி" என்பது மாதக் கணக்கு. வருஷத்திற்கு 36 சதவிகிதம். பத்திரத்தில் கையெழுத்திடுமுன் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.